பெயர்ப்பலகையில் ‘சைக்காலஜிஸ்ட்’ போடலாமா? 2021 சட்டத்துக்குப் பிறகு யார் எந்தப் பெயரில் தொழில் செய்வது

நொய்யல்கரை (கேள்வி)

வணக்கம். கோவைப் பக்கம் ஒரு சின்ன கவுன்சிலிங் சென்டர். வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் மட்டும்தான், யாரையும் தங்கவைப்பதில்லை. இடம் மாறுவதால் போர்டு, லெட்டர்ஹெட், ரசீது புக் எல்லாம் புதிதாக அடிக்க வேண்டும். அதற்கு முன்னால் பெயருக்குக் கீழே வரும் பட்டத்தைச் சரிபார்த்துவிட வேண்டும்.

நாலு பேர் வேலை பார்க்கிறார்கள்.

முதல் ஆள்: எம்.ஃபில் கிளினிக்கல் சைக்காலஜி, ஆர்.சி.ஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) நம்பர் உண்டு. போர்டில் ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’.

இரண்டாவது: எம்.எஸ்சி கவுன்சிலிங் சைக்காலஜி, ரெகுலர் காலேஜ். போர்டில் ‘கவுன்சிலிங் சைக்காலஜிஸ்ட்’.

மூன்றாவது: எம்.எஸ்சி சைக்காலஜி தொலைதூரக் கல்வியில், கூடவே ஒரு வருட கவுன்சிலிங் டிப்ளமோ. போர்டில் ‘சைக்காலஜிஸ்ட், சைக்கோதெரபிஸ்ட்’.

நாலாவது: எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை), மெடிக்கல் அண்ட் சைக்கியாட்ரி ஸ்பெஷலைசேஷன். போர்டில் ‘சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர்’.

ஆர்.சி.ஐ இல்லாதவர் ‘சைக்காலஜிஸ்ட்’ என்றே போடக்கூடாது என்கிறார் ஒருவர். ‘கிளினிக்கல்’ என்ற சொல் மட்டும் இல்லாவிட்டால் எதை வேண்டுமானாலும் போடலாம் என்கிறார் இன்னொருவர். 2021-ல் வந்த அலைடு ஹெல்த்கேர் (மருத்துவத் துணைத் தொழில்கள்) சட்டத்துக்குப் பிறகு எது சரி? போர்டில் என்ன எழுதுவது, எதை அழிப்பது?

புங்கமரம்

இரண்டு பேர் சொன்னதும் பாதி பாதி சரி. இந்தத் துறைக்கு நம் நாட்டில் ஒரே லைசென்ஸ் சட்டம் என்று கிடையாது. மூன்று சட்டங்கள், மூன்று பதிவேடுகள். உங்கள் போர்டில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் எந்தப் பதிவேட்டைச் சேர்ந்தது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது 1992-ன் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம், அதாவது ஆர்.சி.ஐ. அதில் ‘மறுவாழ்வுத் தொழில்முறையாளர்’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ரிஹாபிலிடேஷன் சைக்காலஜிஸ்ட், ரிஹாபிலிடேஷன் கவுன்சிலர், ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்பாசிரியர் எல்லாம் அதில் வருவார்கள். வெறும் ‘சைக்காலஜிஸ்ட்’ அதில் இல்லை, ‘கவுன்சிலிங் சைக்காலஜிஸ்ட்’டும் இல்லை. பிரிவு 13-ன்படி மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அந்தப் பட்டியலில் உள்ள தொழிலைச் செய்யக் கூடாது, அந்தத் தொழிலுக்கு உரிய சான்றிதழ்களில் கையெழுத்திடக் கூடாது, நீதிமன்றத்தில் அந்தத் துறை நிபுணராகச் சாட்சி சொல்லவும் கூடாது. மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், சிறை என்ற சொல்லும் அதே வரியில்தான் இருக்கிறது.

இரண்டாவது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018-ல் நடைமுறைக்கு வந்தது. ‘மென்டல் ஹெல்த் புரொஃபெஷனல்’ என்பது யார் என்று பிரிவு 2(1)(ஆர்) சொல்கிறது: மனநல மருத்துவர், பிரிவு 55-ன் கீழ் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்தவர், மனநோய் சார்ந்த பட்டமேற்படிப்பு முடித்த ஆயுர்வேத, ஹோமியோபதி, யுனானி மருத்துவர், சித்தாவில் சிறப்பு மருத்துவம் முடித்தவர். பிரிவு 55-ன் கீழ் ஆணையம் பதிவு செய்வது மூன்று வகையினரை மட்டுமே: கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநல செவிலியர், சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர். கவுன்சிலருக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. ஆகவே எம்.எஸ்சி படித்த ஒருவர் இன்ஸ்டாகிராமில் ‘மென்டல் ஹெல்த் புரொஃபெஷனல்’ என்று போட்டுக்கொள்வது பேச்சுவழக்கில் சரியாகத் தெரியலாம். சட்டம் வரையறுத்துவிட்ட சொல் அது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் கவலைப்படுவது ‘சைக்காலஜிஸ்ட்’ பற்றி. உடனே மாற்ற வேண்டியது உங்கள் நாலாவது ஆளின் பட்டம். 2017 சட்டத்தின் வரையறைப்படி சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர் என்றால் சமூகப்பணியில் முதுகலையும், அதற்கு மேல் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சி சேர்ந்த, இரண்டு வருட முழுநேர எம்.ஃபில்லும் வேண்டும். எம்.எஸ்.டபிள்யூவில் எடுத்த ஸ்பெஷலைசேஷன் அதற்கு ஈடாகாது.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்கும் 2021 சட்டம்: தேசிய அலைடு மற்றும் ஹெல்த்கேர் தொழில்முறைகள் ஆணையச் சட்டம். அதன் அட்டவணையில் பத்துப் பிரிவுகள். ஒரு பிரிவு சமூகப் பராமரிப்பும் நடத்தைசார் சுகாதாரமும். அதில் ‘சைக்காலஜிஸ்ட்’ என்று இருக்கிறது. பக்கத்திலேயே, மாற்றுத்திறனாளிகளுக்காக ஆர்.சி.ஐ-யின் கீழ் வரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் நீங்கலாக என்று ஒரு விலக்கு. தொடர்ந்து பிஹேவியரல் அனலிஸ்ட், இன்டக்ரேட்டட் பிஹேவியர் ஹெல்த் கவுன்சிலர், நோய்சார் கவுன்சிலர்களும் நீரிழிவுக் கல்வியாளர்களும் அடங்கிய ஹெல்த் எஜுகேட்டர் வகை, ஹெச்.ஐ.வி கவுன்சிலர், குடும்பநல கவுன்சிலர், மருத்துவ மற்றும் மனநலச் சமூகப்பணியாளர்கள், மென்டல் ஹெல்த் சப்போர்ட் வொர்க்கர்.

ஆக 2021 வரை யாரும் உரிமை கோராமல் தெருவில் கிடந்த ‘சைக்காலஜிஸ்ட்’ என்ற சொல் இப்போது ஒரு சட்டத்தின் அட்டவணைக்குள் போய்விட்டது. மாற்றம் இதுதான். அந்தச் சட்டத்தில் பட்டப்பெயரைத் தவறாகப் பயன்படுத்தினால் முதல் முறை 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவே இல்லாமல் ‘பதிவு பெற்றவர்’ என்று சொல்லிக்கொள்வது தனிக் குற்றம். முதல் முறை 50,000 ரூபாய் வரை.

நடைமுறையில் இது எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை. மாநிலக் கவுன்சில் அமைத்து, பதிவேடு திறந்தால்தான் யாரும் பதிவு செய்யவே முடியும். 2024 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு அக்டோபர் 12-க்குள் சட்டத்தை நடைமுறைப்படுத்தச் சொல்ல வேண்டி வந்தது. அதனால் நாளைக்கே யாராவது வந்து போர்டைக் கழற்றிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். புதிதாகச் செலவு செய்து அடிக்கும் போர்டை ஏன் இரண்டு முறை அடிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

தேரிக்காடு

புங்கமரம் சார் சட்டத்தைச் சொல்லிட்டார். ஆர்.சி.ஐ பக்கம் நடக்கிற கோளாறுகளை நான் சொல்றேன்.

‘ஆர்.சி.ஐ ரெஜிஸ்டர்டு’ன்னு போட்டிருந்தா அது மட்டும் பத்தாது. பதிவேட்டுல எந்த வகையில பதிவுன்னு பார்க்கணும். சிறப்பாசிரியருக்கும் அதே பதிவேட்டுலதான் நம்பர் கொடுக்கிறாங்க. ‘ஏ’ன்னு தொடங்குற நம்பர் கையில இருக்கும், போர்டுல ‘சைல்டு சைக்காலஜிஸ்ட், ஆர்.சி.ஐ ரெஜிஸ்டர்டு’ன்னு இருக்கும், சான்றிதழை வாங்கிப் பார்த்தா ஸ்பெஷல் எஜுகேட்டர். இதுதான் அடிக்கடி கண்ணுல படுற தில்லுமுல்லு. பல சமயம் தெரியாமலே செய்றாங்க.

சரிபார்க்கிறது சுலபம். ஆர்.சி.ஐ தளத்துல பதிவேட்டுத் தேடல் இருக்கு. பெயர் போட்டுத் தேடாதீங்க, நம்பர் போட்டுத் தேடுங்க. நம்ம ஊர் இன்ஷியல் அங்கே பத்து விதமா பதிவாகியிருக்கும். வர்ற விவரத்துல மூணு விஷயம் பார்க்கணும்: வகை, தகுதி, செல்லுபடியாகும் தேதி. பதிவு 5 வருஷத்துக்கு. அதுக்குள்ள தொடர் மறுவாழ்வுக் கல்வியில 100 புள்ளி சேர்த்தாத்தான் புதுப்பிக்க முடியும். கடைசி வருஷத்துல ஒரேயடியா கருத்தரங்கு கருத்தரங்கா ஓடுறவங்க நிறைய. தேதி போயிடுச்சுன்னா அந்த இடைப்பட்ட நாள்ல போட்ட கையெழுத்துக்கு யார் பொறுப்புன்னு கேள்வி வரும். ஐ.க்யூ ரிப்போர்ட், மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போற மதிப்பீடு இதெல்லாம் திரும்பி வர்றதுக்கு இது ஒரு காரணம்.

அடுத்து, ஒரு வருஷ புரொஃபெஷனல் டிப்ளமோ இன் கிளினிக்கல் சைக்காலஜி முடிச்சவங்க. அவங்களுக்கும் ஆர்.சி.ஐ பதிவு உண்டு, ஆனா ‘அசோசியேட்’ங்கிற சொல்லோட. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஒருத்தரோட மேற்பார்வையில வேலை செய்றதுக்கான தகுதி அது. போர்டு அடிக்கும்போது இடம் பத்தலைன்னு அந்த ‘அசோசியேட்’டைத்தான் முதல்ல வெட்டுவாங்க. வெட்டக் கூடாதது அதுதான்.

உங்க முதல் ஆளுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கலாம். ஆர்.சி.ஐ பதிவு இருந்தா மாநில மனநல ஆணையத்துல தானா பதிவு ஆகிடாது. சென்னையில கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் வளாகத்துல ஆணைய அலுவலகம் இருக்கு. அங்கே தனியா விண்ணப்பிக்கணும். அது இல்லாம ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’னு போடலாம், 2017 சட்டப்படியான ‘மென்டல் ஹெல்த் புரொஃபெஷனல்’னு போட முடியாது.

ஆட்களைத் தங்கவைக்கலைன்னு சொன்னீங்க. அப்படின்னா 2017 சட்டப்படி நீங்க ‘மனநல நிறுவனம்’ கிடையாது. அந்த வரையறையே அனுமதிச்சு, தங்கவச்சு பார்க்கிற இடத்துக்குத்தான். ரெண்டு கட்டில் போட்டு ‘ஒரு வாரம் இருந்துட்டுப் போங்க’ன்னு ஆரம்பிச்ச நிமிஷம் கதையே வேற. பதிவில்லாம நடத்துற நிறுவனத்துக்கு முதல் முறையே 5,000-லிருந்து 50,000 ரூபாய் வரைக்கும் அபராதம். தெரிஞ்சே அங்கே வேலை பார்க்கிற புரொஃபெஷனலுக்கும் 25,000 வரைக்கும்.

நொய்யல்கரை

இருவருக்கும் நன்றி. நாலாவது ஆள் விஷயம் எங்கள் கவனத்திலேயே இல்லை. இரண்டு சந்தேகம்.

ஒன்று, மூன்றாவது ஆளின் தொலைதூரப் பட்டம். யு.ஜி.சி (பல்கலைக்கழக மானியக் குழு) ஏதோ தடை போட்டதாகச் செய்தி வந்ததே, ஏற்கெனவே முடித்த பட்டத்துக்கும் அது பொருந்துமா?

இரண்டு, ‘சைக்கோதெரபிஸ்ட்’ என்ற சொல் எந்தப் பட்டியலிலும் இல்லை போலிருக்கிறதே. அப்படியானால் அது பாதுகாப்பான சொல்தானா?

வைப்பாறு

படிப்புப் பக்கக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

யு.ஜி.சி 2025 ஆகஸ்ட்டில் அறிவித்தது: 2021 சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை, சைக்காலஜி உட்பட, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைதூர முறையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது. பல பாடங்களில் ஒன்றாகச் சைக்காலஜி இருக்கும் பி.ஏ போன்ற படிப்புகளில் அந்த ஒரு பாடப்பிரிவுக்கு மட்டும் அனுமதி ரத்து. தடை புதிய சேர்க்கைக்கு. அதற்கு முன் முறைப்படி அனுமதி பெற்ற பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முடித்த பட்டம், பட்டமாகவே இருக்கும். அதை யாரும் பறிக்கவில்லை.

ஆனால் பட்டம் செல்லுவது வேறு, பதிவேட்டில் ஏறுவது வேறு. 2021 சட்டம் ‘ஹெல்த்கேர் புரொஃபெஷனல்’ என்பவருக்கு மணிக்கணக்கு வைத்திருக்கிறது: 3 முதல் 6 வருடத்துக்குள் பரவிய, 3,600 மணி நேரத்துக்குக் குறையாத பட்டப்படிப்பு. அதற்குக் கீழே ‘அலைடு ஹெல்த் புரொஃபெஷனல்’ என்பவருக்கு 2 முதல் 4 வருடத்துக்குள் 2,000 மணி நேரம். தொலைதூரப் படிப்பில் சிக்கல் இங்கேதான். வாரயிறுதி வகுப்பும் அசைன்மென்ட்டும் சேர்த்தால் எத்தனை மணி என்று மதிப்பெண் பட்டியலில் எங்கும் எழுதியிருக்காது.

அதனால் மூன்றாவது ஆள் இப்போதே சேர்க்க வேண்டியவை: சேர்ந்த வருடத்துக்கான பாடத்திட்ட நகல், முடிந்தால் பல்கலைக்கழக முத்திரையுடன், அந்த ஆண்டில் அந்தப் படிப்புக்குத் தொலைதூரக் கல்விக்கான அனுமதி இருந்ததற்கான ஆதாரம், களப்பயிற்சிப் பதிவேடு, மேற்பார்வையாளர் யார், அவருடைய தகுதி என்ன, பதிவு எண் என்ன என்ற கடிதம், பதவிப்பெயரும் தேதிகளும் உள்ள பணி அனுபவச் சான்றிதழ். சட்டத்துக்கு முன்பே தொழிலில் இருந்தவர்களைத் தற்காலிகமாகப் பதிவு செய்துகொள்ள அதே சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழியில் போகிறவருக்கு அனுபவச் சான்றிதழில் உள்ள தேதிதான் உயிர். ‘பல வருடங்களாக எங்களிடம் சேவையாற்றி வருகிறார்’ என்று தேதியில்லாமல் தரும் சான்றிதழ் குப்பைக்குத்தான் போகும்.

பெயர் விஷயமும் சொல்லிவிட வேண்டும். பட்டத்தில் ‘எஸ். கவிதா’, ஆதாரில் ‘கவிதா செல்வம்’, பான் அட்டையில் கணவர் பெயரோடு என்று மூன்று விதமாக இருந்தால் எந்த ஆன்லைன் விண்ணப்பமும் நடுவழியில் நிற்கும். இன்ஷியலை விரிக்கும் இடத்தில்தான் நம்மவர்கள் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். எளிய வழி, பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்திக்கொள்வது. திருமணத்தால் பெயர் மாறியிருந்தால் அரசிதழ் அறிவிப்பு. பதிவேடு திறந்த பிறகு இதை ஆரம்பித்தால் வரிசையில் கடைசிதான்.

எம்.ஃபில் பற்றியும் ஒரு வரி, அடுத்து யாரையாவது படிக்க அனுப்புவீர்கள் என்பதால். 2022 நவம்பர் விதிமுறையில் யு.ஜி.சி எம்.ஃபில் பட்டத்தையே நிறுத்திவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்பு கொடுத்தது. 2017 சட்டத்தின் வரையறையிலோ ‘எம்.ஃபில்’ என்ற சொல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்காவது ‘ஆர்.சி.ஐ அங்கீகரித்த தகுதி’ என்று இன்னொரு வழியும் வரையறையில் உண்டு, சை.டி (மருத்துவ உளவியல் முனைவர் பட்டம்) போன்ற படிப்புகள் அந்த வழியாக வரும். சமூகப்பணியாளருக்கு அந்த மாற்று வழி இல்லை. ஒரு சட்டம் கேட்கும் பட்டத்தை இன்னொரு விதிமுறை ஒழிக்கிறது. இதைச் சரிசெய்யாமல் விட்டிருப்பது பொறுப்பில்லாத வேலை.

புங்கமரம்

சைக்கோதெரபிஸ்ட் பற்றி. ஆம், அந்தச் சொல் அட்டவணையில் தனியாக இல்லை. பட்டியலில் இல்லாததால் பாதுகாப்பானது என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பட்டத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை, அந்தப் பட்டத்தின் கீழ் என்ன செய்தீர்கள் என்றும் பார்ப்பார்கள். ‘சைக்கோதெரபிஸ்ட்’ என்று போட்டுக்கொண்டு ரிப்போர்ட்டில் ‘மேஜர் டிப்ரஸிவ் டிஸார்டர்’ என்று நோய்ப்பெயர் எழுதி, ஸ்கோர் போட்டு, முத்திரை குத்தினால், செய்தது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வேலை. போர்டில் அந்தச் சொல் இல்லை என்பது உதவாது. பதிவு பெற்றவர்களுக்கே 2017 சட்டத்தின் பிரிவு 106, தன் துறை அனுமதிக்காத சிகிச்சையையோ மருந்தையோ பரிந்துரைக்கக் கூடாது என்கிறது.

‘லைசென்ஸ்டு தெரபிஸ்ட்’ என்று சில ஆன்லைன் தளங்கள் அவர்களாகவே போட்டுவிடுகின்றன. அமெரிக்காவில் மாநிலம்தோறும் கவுன்சிலருக்கு லைசென்ஸ் உண்டு, அங்கே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறது. இந்தியாவில் அப்படி ஒரு லைசென்ஸை யாரும் கொடுப்பதில்லை. தளத்துக்கு எழுதி எடுக்கச் சொல்லுங்கள், அந்த மெயிலை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று ‘அரசு பதிவு பெற்றது’. விசாரித்தால் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவாக இருக்கும், அல்லது டிரஸ்ட் பதிவு. பக்கத்து மாவு மில்லுக்கும் உத்யம் நம்பர் உண்டு. மனநல போர்டில் அந்த வரியைப் போட்டால், படிக்கிறவர் தொழில் பதிவு என்றுதான் புரிந்துகொள்வார்.

முனைவர் பட்டம் வாங்கியவர் ‘டாக்டர்’ போடுவதில் தவறில்லை, ஆனால் மருத்துவம் சார்ந்த இடத்தில் வெறும் ‘டாக்டர்’ போட்டு விட்டுவிட்டால் எம்.பி.பி.எஸ் என்று நினைக்கிறார்கள். பெயருக்குப் பின்னால் ‘பிஎச்.டி, உளவியல்’ என்று அதே அளவு எழுத்தில் வரட்டும்.

பினாங்குக் காற்று

மலேசியாவிலிருந்து ஒரு குறிப்பு. இங்கே நிலைமை தலைகீழ். 1998 கவுன்சிலர் சட்டம், சட்ட எண் 580, ‘கவுன்சிலர்’ என்ற சொல்லையே பூட்டி வைத்திருக்கிறது. கவுன்சிலர் வாரியத்தில் பதிவும், நடப்பில் உள்ள தொழில் சான்றிதழும் இல்லாதவர் அந்தப் பெயரில் தொழில் செய்ய முடியாது. பதிவு பெற்றவர்கள் பெயருக்குப் பின்னால் ‘கே.பி., பி.ஏ.’ என்று போடுவார்கள். முதலாவது பதிவு பெற்ற கவுன்சிலர் என்பதற்கு, இரண்டாவது தொழில் சான்றிதழுக்கு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வேறு சட்டத்தில், 2016-ன் அலைடு ஹெல்த் சட்டம், எண் 774.

பிரிட்டனில் இன்னொரு விதம். அங்கே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், கவுன்சிலிங் சைக்காலஜிஸ்ட் இரண்டும் சட்டப் பாதுகாப்புள்ள பட்டங்கள், ஹெச்.சி.பி.சி என்ற சுகாதாரத் தொழில்கள் கவுன்சிலில் பதிவு வேண்டும். ‘கவுன்சிலர்’, ‘சைக்கோதெரபிஸ்ட்’ இரண்டுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஏன் சொல்கிறேன் என்றால், தமிழ்நாட்டு சென்டர்கள் வீடியோ காலில் வெளிநாட்டுத் தமிழர்களையும் பார்க்கின்றன. ஈரோட்டில் சரியான பட்டம் ஈப்போவில் சரியாக இருக்காது. வெளிநாட்டில் இருப்பவருக்கு அனுப்பும் படிவத்தில் ‘இந்தியாவிலிருந்து சேவை வழங்கப்படுகிறது, உங்கள் நாட்டில் பதிவு இல்லை’ என்று தெளிவாக எழுதுங்கள். அந்த நாட்டுப் பள்ளிக்கோ நீதிமன்றத்துக்கோ காட்டக் கடிதம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நொய்யல்கரை

இதுவரை சொன்னதை வைத்து வரைவு போட்டிருக்கிறோம். தவறு இருந்தால் சொல்லுங்கள்.

முதல் ஆள்: கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஆர்.சி.ஐ பதிவு எண்.
இரண்டாவது: கவுன்சிலிங் சைக்காலஜிஸ்ட், எம்.எஸ்சி.
மூன்றாவது: கவுன்சிலர், எம்.எஸ்சி சைக்காலஜி.
நாலாவது: மெடிக்கல் சோஷியல் வொர்க்கர், எம்.எஸ்.டபிள்யூ.

தேரிக்காடு

முதல் ஆள் சரி. நம்பரோட செல்லுபடி மாதம், வருஷத்தையும் லெட்டர்ஹெட்ல போடுங்க. போர்டுல வேண்டாம், அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா பெயின்ட் அடிக்கணும்.

ரெண்டாவது ஆளுக்கு என் யோசனை: ‘கவுன்சிலர்’னு போட்டு, கீழே ‘எம்.எஸ்சி கவுன்சிலிங் சைக்காலஜி’ன்னு படிப்பைப் போடுங்க. படிப்புப் பெயரைப் போட யாரும் தடுக்க முடியாது, அது உண்மை. தொழில் பட்டமா ‘சைக்காலஜிஸ்ட்’ போடுறதை, மாநிலக் கவுன்சில் பதிவு கையில வந்த பிறகு சேர்த்துக்கலாம். இப்போ போட்டா உடனே குற்றம்னு நான் சொல்லலை, பதிவு செய்ய வழி இருந்தும் செய்யாம போட்டுக்கிட்டு இருந்தா அப்போ சிக்கல். போர்டுல அந்த வரிக்கு மட்டும் தனி ஸ்டிக்கர் வைக்கச் சொல்லுங்க, மாத்துறதுக்கு ஒரு துண்டு வினைல்தான் செலவு.

மூணாவது சரி. டிப்ளமோவையும் போடுறதா இருந்தா, கொடுத்தது பல்கலைக்கழகமா தனியார் அமைப்பான்னு தெரியிற மாதிரி போடுங்க.

நாலாவது ஆளுக்கு ‘சோஷியல் வொர்க்கர்’னு மட்டும் போடுறது இன்னும் நல்லது. மெடிக்கல் சோஷியல் வொர்க்கரும் 2021 அட்டவணையில இருக்கிற சொல்தான்.

தமிழ் போர்டுல ஒரு கண்ணு வைங்க. தமிழ் பெரிசா, ஆங்கிலம் அதைவிடச் சின்னதா, மத்த மொழி இன்னும் சின்னதாங்கிற 5:3:2 விதிப்படி தமிழ்தான் முதல்ல கண்ணுல படும். ஃபிளெக்ஸ் கடையில நீங்க ஆங்கிலத்தை மட்டும் எழுதிக் கொடுத்தா, டிசைன் பண்ற பையன் ‘மனநல மருத்துவர்’னு போட்டுடுவான். எதுக்கு வம்பு? ‘மருத்துவ உளவியலாளர்’, ‘உளவியல் ஆலோசகர்’, ‘சமூகப்பணியாளர்’னு தமிழ்லயே எழுதிக் கொடுத்து, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி புரூஃப் வாங்கிப் பாருங்க.

புங்கமரம்

போர்டோடு நிறுத்திவிடாதீர்கள். புகார் வரும்போது முதலில் வெளியே வருவது வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய ரிப்போர்ட்டும் கூகுள் மேப்ஸ் பக்கமும்தான். மேப்ஸில் தொழில் வகை ‘சைக்காலஜிஸ்ட்’ என்று தேர்வாகியிருந்தால் கவுன்சிலிங் வகைக்கு மாற்றுங்கள். பணி நியமன ஆணை, சம்பளச் சீட்டு, பள்ளிகளோடு போட்ட ஒப்பந்தம் எல்லாவற்றிலும் அதே பட்டம் இருக்க வேண்டும். ஒன்றில் ‘கவுன்சிலர்’, இன்னொன்றில் ‘சைக்காலஜிஸ்ட்’ என்று இருந்தால், நாளைக்கு அனுபவச் சான்றிதழ் காட்டிப் பதிவு கேட்கும்போது உங்கள் ஆட்களுக்கே அது இடறும். பழைய வருடங்களுக்கான சான்றிதழைப் புதிய பட்டத்தோடு திருத்தி எழுதாதீர்கள். அன்றைக்கு என்ன பதவியில் இருந்தாரோ அதையே எழுதி, செய்த வேலையைத் தனியாக விவரியுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு பத்தி சேருங்கள். இரண்டாவது ஆளுக்கான மாதிரி:

‘உங்களுக்கு ஆலோசனை வழங்குபவர் எம்.எஸ்சி கவுன்சிலிங் சைக்காலஜி முடித்தவர். இவர் மருத்துவர் அல்லர், ஆர்.சி.ஐ பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரும் அல்லர். நோய் கண்டறிதல், மருந்து, சட்டப்படி தேவைப்படும் சான்றிதழ் ஆகியவற்றை இவர் வழங்குவதில்லை. தேவைப்பட்டால் உரியவரிடம் அனுப்பிவைப்பார்.’

இதைச் சின்ன எழுத்தில் கடைசிப் பக்கத்தில் போட்டால் போட்டதற்கே பலனில்லை. முதல் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே. படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டியதாக ஒரு வரியும் தேதியும்.

வைப்பாறு

ரப்பர் ஸ்டாம்ப்பை மறந்துவிடாதீர்கள். புதிய ஸ்டாம்ப் வந்த அன்றே பழையதை வெட்டிப் போட்டுவிட்டு, எந்தத் தேதியிலிருந்து எந்தப் பட்டம் என்று நியமனக் கோப்பில் ஒரு குறிப்பு எழுதி நாலு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் டெம்ப்ளேட்டின் அடிக்குறிப்பிலும் பழைய பட்டம் ஒளிந்திருக்கும். கணினியில் உள்ள எல்லாப் பிரதியையும் தேடி மாற்றுங்கள்.